ஒரே பின், இரண்டு ரீடிங்: 53 சரியா, 46 சரியா?

கப்பலூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. 16 மி.மீ. ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் உள்ள எஃகு) பிரைட் பாரை அளவுக்கு அறுத்து, துளை போட்டு, டிராக்டர் கலப்பைக்கான பின் (உருளை வடிவ ஆணி) செய்கிறார். இண்டக்ஷன் ஹார்டனிங், அதாவது மின் காயிலில் மேல்பகுதியைச் சூடேற்றித் தண்ணீர் அடித்துக் கடினமாக்கும் வேலையை, வெளியே கொடுத்து வாங்குகிறார். டிராயிங்கில் கடினத்தன்மை 50 முதல் 55 ஹெச்ஆர்சி (ராக்வெல் மெஷினின் சி ஸ்கேல்) என்று இருக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்தவர் ரிப்போர்ட்டில் 53 போட்டுக் கொடுத்திருக்கிறார். சரக்கு வாங்கியவர் தன் இடத்தில் பார்த்துவிட்டு 46 என்று லாட்டை மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். இதில் யார் பொய் சொல்கிறார்கள், அந்த மெஷின் அப்படி எதைத்தான் அளக்கிறது, இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கிறார். சார் சார் என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி, அண்ணன் என்றாலே போதும்.

யாரும் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. இரண்டு ரீடிங்கும் உண்மையாக இருக்க வாய்ப்பு நிறைய. எப்படி என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் சண்டையின் அளவு என்ன என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம், அதிலேயே பாதி புரிந்துவிடும்.

ராக்வெல் மெஷினில் என்ன நடக்கிறது? நுனி 0.2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டப்பட்ட, 120 டிகிரி கோணமுள்ள ஒரு வைரக் கூம்பு. முதலில் 10 கிலோ லோடில் அது உங்கள் பின் மேல் உட்காருகிறது. அந்த இடத்தை சைபர் என்று வைத்துக்கொள்கிறோம். அப்புறம் லீவரைத் தட்டினால் மொத்தம் 150 கிலோ ஏறுகிறது, சில நொடி நிற்கிறது, மறுபடி 10 கிலோவுக்கு இறங்குகிறது. இறங்கிய பிறகு வைரம் முதலில் உட்கார்ந்த இடத்தைவிட எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. 2 மைக்ரானுக்கு ஒரு பாயிண்ட். 100-இலிருந்து அந்தப் பாயிண்டுகளைக் கழித்தால் ஹெச்ஆர்சி. ஆக 53 என்றால் 94 மைக்ரான் ஆழம், 46 என்றால் 108 மைக்ரான். லாரி ஏறிப் போய் திரும்பி வந்த உங்கள் லாட் முழுவதும் 14 மைக்ரானுக்காகத் திரும்பி வந்திருக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமனே ஐம்பதிலிருந்து நூறு மைக்ரான் வரை இருக்கும், அதில் ஒரு சின்னப் பங்கு இது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அந்த பின்னை ஆன்வில் (பொருளை வைக்கும் அடிமேடை) மேல் வைத்தபோது அடியில் ஒரு பிசிறு இருந்திருந்தால், வி பிளாக்கில் (உருளையைத் தாங்கும் பள்ளக் கட்டை) கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் ஒட்டியிருந்திருந்தால், லோடு ஏறும்போது அது நசுங்கி பின் ஒரு 10 மைக்ரான் கீழே இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 5 பாயிண்ட் காலி. மெஷினுக்கு அது தெரியாது. வைரம் இரும்புக்குள் இறங்கியதா, பின்னே மொத்தமாக இறங்கியதா என்று பிரித்துப் பார்க்கும் வழி அதற்கு இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே இதில் மாட்டினேன். மதுரையில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையிலிருந்து எந்த புஷ்ஷை வைத்தாலும் ஆறு ஏழு பாயிண்ட் குறைவாகவே வந்தது. நான் பாட்டுக்கு சிவப்பு பெயிண்டால் பொட்டு வைத்து ஒதுக்கிக்கொண்டே போனேன். மத்தியானம் வயதான ஃபிட்டர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, ஆன்விலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து மறுபடி மாட்டினார். துணியில் அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு சீவல். அதன் பிறகு காலையில் ஒதுக்கிய அத்தனையும் பாஸ். அந்த பெயிண்டை அழிக்க எனக்கு மறுநாள் முழுக்க ஆனது.

சரி, மெஷின் எதை அளக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். விளாச்சேரியில் பொம்மை செய்பவர்கள் மண் பதமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். பள்ளம் ஆழமாக விழுந்தால் மண் இளகல், லேசாக விழுந்தால் இறுகல். அதே மண்ணை ஒரு சின்னப் பையன் அழுத்தினால் வேறு பள்ளம், சுட்டுவிரல் நகத்தால் அழுத்தினால் வேறு பள்ளம். மண் மாறவில்லை, கேட்ட கேள்வி மாறிவிட்டது. கடினத்தன்மை எண் என்பதும் இப்படித்தான். அடர்த்தி மாதிரி, உருகுநிலை மாதிரி அந்த உலோகத்தோடு கூடப் பிறந்த ஓர் எண் இது கிடையாது. எந்த விரல், எவ்வளவு பலம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று நான்கையும் சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்கு அர்த்தம். ஹெச்ஆர்சி என்று பின்னால் ஒட்டும் அந்தக் கடைசி எழுத்து சும்மா அலங்காரத்துக்கு இல்லை, வைரக் கூம்பு, 150 கிலோ என்ற இரண்டையும் அது ஒன்றாகச் சொல்கிறது. பி ஸ்கேல் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விட்டமுள்ள பால் (குண்டு), 100 கிலோ. ஏ ஸ்கேல் என்றால் அதே வைரம், ஆனால் 60 கிலோ. இந்த ஏ ஸ்கேல் உங்களுக்குப் பின்னால் ரொம்ப உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்திப் பார்க்கும் யோசனை ஒன்றும் புதிதில்லை. தங்கக் காசைக் கடித்துப் பார்ப்பதும் இந்த டெஸ்ட்தான், பல் தான் இண்டெண்டர், அதாவது அழுத்தும் முனை. ஆனால் அதை எண்ணாக மாற்றி, உலகம் முழுவதும் ஒத்துக்கொள்ளும்படி செய்தவர் ஸ்வீடன் நாட்டு இரும்பாலைப் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல். 1900-இல் அவர் முறை வெளியே வந்தது. 10 மி.மீ. பாலை 3000 கிலோ லோடில் 10, 15 நொடி அழுத்தி, எடுத்துவிட்டு, விழுந்த குழியின் விட்டத்தை அளப்பது. குழி 4 மி.மீ. என்றால் பிரினெல் 229, 4.5 என்றால் 179, 5 என்றால் 143. இன்றைக்கும் பம்ப் பாடி, என்ஜின் பிளாக் மாதிரி வார்ப்பிரும்புச் சாமானுக்கு இதை அடிக்க ஆள் கிடையாது. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் இதழ் இதழாகக் கிடக்கும். சின்ன வைரத்தை வைத்தால் ஒரு நேரம் இரும்பில் படும், ஒரு நேரம் கிராஃபைட்டில் படும், ரீடிங் குதித்துக்கொண்டே இருக்கும். பெரிய பால் எல்லாவற்றையும் சேர்த்து மிதித்து ஒரு சராசரி சொல்லிவிடும். குறை என்னவென்றால் குழி பெரிது, உங்கள் பின்னில் போட்டால் பின் போச்சு. தவிர விட்டத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும், 4.0-ஐ ஒருவர் 4.1 என்று படித்தால் 229 என்பது 217 ஆகிவிடும். இதில் இயந்திரத்தைவிட ஆளின் கண்தான் அதிகம் தவறு செய்கிறது.

ராக்வெல் வந்தது பேரிங் கம்பெனியிலிருந்து. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்று இருவர் 1914-இல் பேட்டன்டுக்கு விண்ணப்பித்து 1919-இல் வாங்கினார்கள். பேரிங் ரேஸ் (பேரிங்கின் வளையம்) ஆயிரக்கணக்கில் வரும், ஒவ்வொன்றிலும் குழி போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, லீவரைத் தட்டினால் டயலில் எண் வர வேண்டும். அதற்காகத்தான் விட்டத்தை விட்டுவிட்டு ஆழத்தைப் பிடித்தார்கள். முதலில் 10 கிலோ போட்டு சைபர் வைப்பதும் அதற்குத்தான், மேலே இருக்கும் சொரசொரப்பும் ஆட்டமும் அந்த முதல் லோடிலேயே அமுங்கிவிட வேண்டும் என்று. நல்ல தந்திரம். ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. பிரினெல்லும், பின்னால் நான் சொல்லப் போகும் விக்கர்ஸ் முறையும் விழுந்த குழியை அளக்கின்றன. ராக்வெல் மெஷினின் நகர்வை அளக்கிறது. நகர்ந்தது எதுவாக இருந்தாலும் அது கணக்கில் ஏறிவிடும். 10 கிலோவில் அமுங்காத அழுக்கு 150 கிலோவில் அமுங்கும், என் புஷ் விஷயத்தில் நடந்தது அதுதான்.

இப்போது உங்கள் பின்னுக்கு வருவோம். நான் சந்தேகப்படும் வரிசையில் சொல்கிறேன்.

எனக்கு முதல் சந்தேகம் உங்கள் பிரைட் பார் மேல்தான். வருத்தப்படாதீர்கள். ஈ.என்.8 பார் ரோலிங் மில்லில் சூடாக உருட்டப்படும்போது மேல்தோலில் இருக்கும் கார்பன் காற்றோடு சேர்ந்து எரிந்து போய்விடும், இதை டீகார்ப் என்பார்கள். உள்ளே 0.4 சதவீதம் கார்பன் இருக்கும், தோலில் அதைவிட ரொம்பக் கம்மியாக இருக்கும். கறுப்பு பாரை வாங்கி லேத்தில் பக்கத்துக்கு ஒரு மில்லி சீவினால் இந்தத் தோல் சீவலோடு போய்விடும். பிரைட் பார் என்பது பெரும்பாலும் அதே கறுப்பு பாரை அமிலத்தில் கழுவி டையில் இழுத்தது. பார்க்கப் பளபளவென்று இருக்கும், அளவும் துல்லியமாக இருக்கும், ஆனால் அந்தத் தோல் போகாது, இழுபட்டுக்கொண்டு கூடவே வரும். நீங்கள் விட்டத்தைத் தொடாமல் அப்படியே அறுத்துத் துளை போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இண்டக்ஷன் காயிலில் எவ்வளவு சரியாகச் சூடேற்றித் தண்ணீர் அடித்தாலும் கார்பன் இல்லாத இடத்தில் கடினம் வராது. காரணம் எளிது, கார்பன்தான் இரும்பைத் திடீரென்று குளிர்விக்கும்போது உள்ளே சிக்கிக்கொண்டு அதை இறுக வைக்கிறது. அது இல்லாவிட்டால் வெறும் சூடு, வெறும் தண்ணீர்.

இங்கேதான் இரண்டு ரீடிங்கும் உண்மையாக இருக்கும் வழி திறக்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்காரர் வழக்கமாக என்ன செய்வார்? பின்னின் ஒரு பக்கத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் தட்டையாகத் தேய்த்து, அந்தத் தட்டையில் ரீடிங் எடுப்பார். தட்டையில் எடுப்பது சரியான பழக்கம்தான், ஆனால் தேய்க்கும்போதே டீகார்ப் தோல் போய்விடும். அவருக்கு 53. வாங்கியவர் பின்னை வி பிளாக்கில் அப்படியே உருட்டி வைத்து, தோல் மேலேயே எடுத்திருப்பார். அவருக்கு 46. அவர் உள்ளே இருக்கும் இரும்பைக் கேட்டார், இவர் தோலைக் கேட்டார்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். உருளை மேல் அழுத்தினால் தட்டையான பரப்பில் இருப்பது போல பக்கவாட்டில் தாங்குவதற்கு உலோகம் இல்லை, வைரம் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், ரீடிங் குறைவாக வரும். இதற்குத் திருத்த அட்டவணையே இருக்கிறது. இந்த விட்டத்துக்கும் இந்தக் கடினத்துக்கும் ஒன்றிலிருந்து இரண்டு பாயிண்ட் வரை கூட்ட வேண்டிவரும். வாங்கியவர் கூட்டினாரா என்று கேளுங்கள். நிறையப் பேர் கூட்டுவதில்லை, அப்படி ஓர் அட்டவணை இருப்பதே தெரியாதவர்களும் உண்டு.

இரண்டாவது சந்தேகம் கேஸ் ஆழம், அதாவது கடினமான மேல்பகுதி எவ்வளவு தடிமன் என்பது. வைரம் 0.1 மி.மீ. தான் இறங்குகிறது, கேஸ் 0.7 இருந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. வைரம் நிற்கும் இடத்துக்குக் கீழே உள்ள உலோகமும் சேர்ந்துதான் அதைத் தாங்குகிறது. மெத்தை மேல் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்பது போல, பலகை மெல்லியதாக இருந்தால் வளைந்து கொடுக்கும். பொதுவான விதி, வைரத்துக்கு இறங்கிய ஆழத்தைப் போல பத்து மடங்கு, பாலுக்குப் பதினைந்து மடங்கு தடிமன் வேண்டும். 50 ஹெச்ஆர்சியில் ஆழம் 0.1 மி.மீ., ஆக ஒரு மில்லிக்குக் குறைவான கேஸ் மேல் சி ஸ்கேலில் எடுத்தால் அடியில் உள்ள மெத்தையையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள்.

இந்த இரண்டு சந்தேகத்தில் எது என்று கண்டுபிடிக்கத்தான் ஏ ஸ்கேலை ஞாபகம் வைக்கச் சொன்னேன். அதே மெஷின், அதே வைரம், வெயிட்டை மட்டும் 60 கிலோவுக்கு மாற்றினால் வைரம் சி ஸ்கேலில் போவதில் பாதி ஆழம்தான் போகும். 53 ஹெச்ஆர்சிக்கு ஏ ஸ்கேலில் 77 சுமாருக்கு வரும், 46-க்கு 73, 74. வாங்கியவர் 46 எடுத்த அதே தோலில் ஏ ஸ்கேலில் எடுங்கள். 77 பக்கம் வந்தால் தோல் நன்றாக இருக்கிறது, கேஸ்தான் மெல்லிசு, கேள்வி கேட்க வேண்டியது ஹீட் ட்ரீட்மென்ட் கடையை. 73-க்கும் கீழே போனால் மேலே போகப் போக இளகல் என்று அர்த்தம், தோலில் கார்பன் இல்லை, அது உங்கள் பார். ரீடிங்கைத் தோலில் ஒருமுறை, 0.2 மில்லி தேய்த்துவிட்டு ஒருமுறை, இன்னொரு 0.2 தேய்த்துவிட்டு ஒருமுறை எடுத்தாலும் இதே விஷயம் தெரிந்துவிடும். தேய்க்கத் தேய்க்க ஏறினால் டீகார்ப்.

மெஷினே இல்லாமலும் பார்க்கலாம். நல்ல புது அரம் ஒன்று 60 ஹெச்ஆர்சிக்கு மேலே இருக்கும். பின்னின் மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்புக்கு அரம் பிடித்து, அப்புறம் வழுக்க ஆரம்பித்தால் தோல் இளகல், உள்ளே சரி. திருப்பாச்சேத்தி அரிவாள் பட்டறைகளில் எந்த டயலும் கிடையாது, லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, வாய்ப்பக்கத்துக்குத் தோய்ச்சல் கொடுத்து, அரம் ஏறுகிறதா வழுக்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒருமுறை ஆசைக்கு ஓர் அரிவாளை மெஷினில் வைத்துப் பார்த்தேன். வாய்ப்பக்கம் ஐம்பதைத் தாண்டியது, முதுகு முப்பதுகளில் நின்றது. வெட்டும் இடம் கடினமாகவும் அடி தாங்கும் இடம் இளகலாகவும் இருக்க வேண்டும் என்பதை எந்த அட்டவணையும் பார்க்காமல் செய்திருக்கிறார் அந்த ஆசாரி. ஆனால் அந்த ரீடிங்கை நானே முழுதாக நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அரிவாளின் இரண்டு பக்கமும் சமமாக இல்லை, வாய்ப்பக்கம் சரிந்து போகிறது, சரிவில் வைத்தால் வைரம் நேராக இறங்காது.

மூன்றாவது சந்தேகம் அவர்கள் இருவரின் மெஷின்கள். வைரம் ஓரத்தில் லேசாக உடைந்திருந்தாலோ மழுங்கியிருந்தாலோ குறைவாக இறங்கும், ரீடிங் கூடுதலாக வரும். ஆக 53 என்று சொன்னவரின் வைரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், கூடுதலாகக் காட்டும் மெஷினை யாரும் குறை சொல்வதில்லை என்பதால் அது வருடக்கணக்கில் அப்படியே ஓடும். இதற்கு மருந்து ஸ்டாண்டர்ட் பிளாக், அதாவது கடினம் இவ்வளவு என்று முன்பே அளந்து எழுதிய கட்டை. 50 சுமாருக்கு ஒரு பிளாக் வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் சரக்கை எடுப்பதற்கு முன்னால் அதில் மூன்று குழி போடச் சொல்லுங்கள். பிளாக்கில் எழுதியிருப்பதோடு ஒன்று ஒன்றரைக்குள் வந்தால் சரி. பிளாக்கின் மேல்பக்கத்தில் மட்டும்தான் போட வேண்டும், திருப்பிப் போட்டு அடியிலும் குழி போட்டு மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அடியில் குழி விழுந்தால் அதன் விளிம்பு எழும்பி பிளாக் ஆட ஆரம்பிக்கும். வைரமோ ஆன்விலோ மாற்றினால் முதல் இரண்டு ரீடிங்கைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், அவை உட்காருவதற்கான ரீடிங். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே குழி விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும், ஏனென்றால் குழியைச் சுற்றியிருக்கும் உலோகம் ஏற்கெனவே நெருக்கப்பட்டு இறுகியிருக்கும்.

தகரக் கொட்டகைக்குள் மெஷினை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாண்டர்ட் சொல்வது 10 முதல் 35 டிகிரி வரை. சித்திரை மாதம் நம் ஊரில் மத்தியானம் அதைத் தேடினாலும் கிடைக்காது. இரும்பு அந்தச் சூட்டுக்கு ஒன்றும் இளகிவிடாது, ஆனால் பழைய கை மெஷினில் லோடு இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேஷ்பாட் எண்ணெய் நீர்த்துப் போகும், லோடு தடாலென்று விழும், ரீடிங் மாறும். பக்கத்தில் பவர் பிரஸ் ஓடினாலும் அப்படித்தான். காலையில் எடுங்கள், பிரஸ்ஸை நிறுத்திவிட்டு எடுங்கள்.

நான்காவதாக ஒன்று, வாங்கியவர் கையில் பிடிக்கும் சின்ன டிஜிட்டல் மெஷினால் பார்த்தாரா என்று கேளுங்கள். பேனா மாதிரி இருக்கும், டக்கென்று அடித்து எண் காட்டும். அது அழுத்துவது கிடையாது, ஒரு சின்ன உருண்டை மோதித் திரும்பும் வேகத்தைப் பார்த்து ஹெச்ஆர்சியாக மாற்றிச் சொல்வது. சாதாரணமாக வரும் மாடலுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள கனமான பொருள் வேண்டும். உங்கள் பின் 100 மி.மீ. நீளம் என்று வைத்தாலும் 160 கிராம்கூட வராது. அடித்த அடியில் பின்னே அதிர்ந்து சக்தியைத் தின்றுவிடும், ரீடிங் குறைவாகத்தான் வரும். அவர் அதில்தான் பார்த்தார் என்றால் மேலே எழுதிய எதையும் யோசிக்க வேண்டாம், முதலில் மேஜை மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்து இரண்டு பேரும் ஒத்துவரவில்லை என்றால் பஞ்சாயத்துக்கு விக்கர்ஸ்தான். 1921-இல் இங்கிலாந்தில் விக்கர்ஸ் கம்பெனியில் ஸ்மித், சாண்ட்லாண்ட் என்ற இருவர் கொண்டுவந்தது. சதுர அடியுள்ள வைரப் பிரமிடு, எதிரெதிர் முகங்களுக்கு நடுவே 136 டிகிரி. இந்த 136 எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் கேள்வி. பிரினெல் பால் சரியான அளவுக்கு இறங்கும்போது, அதாவது குழி விட்டம் பால் விட்டத்தில் 0.375 பங்கு இருக்கும்போது, குழியின் விளிம்பில் பாலுக்குத் தொடுகோடு போட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து 136 டிகிரி வரும். பழைய பிரினெல் எண்களோடு ஓரளவு ஒத்துப்போக வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். பாலை இன்னும் அழுத்தினால் குழியின் வடிவமே மாறும், அதனால் பிரினெல்லில் லோடும் பாலும் ஜோடி மாறாமல் இருக்க வேண்டும், இரும்புக்கு 10 மி.மீ. பாலுக்கு 3000 என்றால் 5 மி.மீ. பாலுக்கு 750. பிரமிடு எவ்வளவு இறங்கினாலும் குழி பெரிதாகுமே தவிர வடிவம் மாறாது. எனவே 1 கிலோவில் எடுத்தாலும் 30 கிலோவில் எடுத்தாலும் ஒரே சீரான உலோகத்தில் ஏறக்குறைய ஒரே எண் வரும். சில கிராம் லோடுக்கு இறங்கினால் இந்த நியாயம் ஆட்டம் காணும், அது உங்களுக்குத் தேவைப்படாது.

இதில் என்ன வசதி என்றால், 53 ஹெச்ஆர்சி என்பது சுமார் 560 விக்கர்ஸ். அதில் 1 கிலோ லோடு போட்டால் குழியின் மூலைவிட்டம் 58 மைக்ரான்தான், ஆழம் அதில் ஏழில் ஒரு பங்கு, 8 மைக்ரான். பின்னைக் குறுக்கே அறுத்து, பேக்கலைட்டில் பதித்து, எமரி பேப்பரில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து, விளிம்பிலிருந்து 0.15 மில்லியில் ஒன்று, அங்கிருந்து 0.25 மில்லிக்கு ஒன்று என்று உள்நோக்கிக் குழிகளைப் போட்டுக்கொண்டே போகலாம். அந்த எண்களை வரிசையாக எழுதினால் அந்த பின்னின் ஜாதகமே வந்துவிடும். விளிம்பில் குறைவு, கொஞ்சம் உள்ளே 560, அப்புறம் இறக்கம் என்றால் டீகார்ப். விளிம்பிலேயே 560, ஆனால் 0.7-இல் சடாரென்று விழுகிறது என்றால் கேஸ் மெல்லிசு. கேஸ் எங்கே முடிகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. டிராயிங் கேட்கும் குறைந்தபட்சக் கடினத்தில் 80 சதவீதம், உங்களுக்கு 50 ஹெச்ஆர்சி, அதாவது 513 விக்கர்ஸ், அதில் 80 சதவீதம் 410. எந்த ஆழத்தில் 410-க்கு இறங்குகிறதோ அதுவரைதான் கேஸ்.

கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள், கடினத்தை வைத்து பலத்தைச் சொல்ல முடியுமா என்று. இரும்புக்கு ஓரளவு முடியும். பிரினெல் எண்ணை 3.45-ஆல் பெருக்கினால் இழுவிசை பலம் மெகா பாஸ்கலில் வரும், 229-க்கு 790. குழி விழுவது என்றால் உலோகம் நிரந்தரமாக நகர வேண்டும், அது சுலபமாக நகராமல் சுற்றியிருக்கும் உலோகம் நெருக்கிப் பிடிக்கிறது, அதனால் சாதாரணமாக இழுத்து விளைய வைப்பதற்குத் தேவையான அழுத்தத்தைப் போல சுமார் மூன்று மடங்கு வேண்டியிருக்கிறது, கணக்கு அங்கிருந்து வருகிறது. ஆனால் மேல்தோல் மட்டும் கடினமான உங்கள் பின்னுக்கு இந்தப் பெருக்கல் செல்லாது. ஸ்டெயின்லெஸ், பித்தளை, அலுமினியத்துக்கு இரும்பின் அட்டவணையைப் பார்த்து மாற்றுவதும் செல்லாது. ரப்பர் புஷ்ஷுக்கு ஷோர் ஏ என்று போட்டிருப்பது முற்றிலும் வேறு ஜாதி, அங்கே ஊசியை எடுத்தால் குழியே இருக்காது, அழுத்திக்கொண்டிருக்கும்போதே படிக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், அந்த 46 தோலின் ரீடிங் என்று முடிவானால் வாங்கியவர் பக்கம்தான் நியாயம் அதிகம். கலப்பையில் உரசப் போவது தோல்தானே, உள்ளே இருக்கும் 53 தோல் தேய்ந்து போன பிறகுதான் வெளியே வரும். அவரோடு சண்டை போடாமல் அடுத்த லாட்டுக்கு 18 மி.மீ. கறுப்பு பார் வாங்கி 16-க்குச் சீவுங்கள், சீவலுக்கும் லேத் நேரத்துக்கும் செலவு ஏறும், அதை விலையில் கேட்டு வாங்குங்கள். ஆர்டர் எடுக்கும்போதே டிராயிங் ஓரத்தில் நான்கு விஷயம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: ரீடிங் எங்கே எடுப்பது, தோலிலா தேய்த்துவிட்டா, எந்த ஸ்கேல், உருளைக்குத் திருத்தம் கூட்டியதா கூட்டாததா. கேஸ் ஆழம் இத்தனை என்பதும் இருக்கட்டும், இப்போது உங்கள் டிராயிங்கில் அது இல்லவே இல்லை என்பதை நீங்கள் எழுதியதிலிருந்து பார்க்கிறேன்.

திரும்பி வந்த லாட்டில் நான்கு பின்னை எடுத்துக்கொண்டு வெளி லேபுக்குப் போங்கள், இரண்டை அப்படியே கொடுங்கள், இரண்டை அறுத்துக் கொடுங்கள். அறுக்கும்போது கட்டிங் வீலுக்குத் தாராளமாகத் தண்ணீர் விட்டு, அவசரப்படாமல் அறுங்கள். அறுத்த இடம் நீலம் பாரித்துவிட்டால் சூட்டில் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்புறம் அந்த ரீடிங்கை வைத்துக்கொண்டு மூன்றாவது ஆள் ஒருவர் சண்டைக்கு வருவார்.